வெயில் பட்டால்தான் விஷம்: ஏலச்செடிக்கு டயாஃபென்தியூரான் அடித்த அனுபவம்

கம்பத்து மருந்துக் கடையில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ரசாயனப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘தயோயூரியா’ என்று முடிந்தது பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது, ஆறு மாசம் என் துப்பட்டாவையும் டிபன் டப்பாவையும் நாறடித்த அதே குடும்பம். கல்யாணமாகி, பார்த்த கெஸ்ட் லெக்சரர் வேலையையும் விட்டுவிட்டு, கேரள எல்லையில் கம்பம்மெட்டுக்கு மேலே மாமனாரின் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்தில் வந்து உட்கார்ந்தால், இங்கேயும் பின்னாலேயே வந்து நிற்கிறது.

நான் எழுதப்போவது டயாஃபென்தியூரான் என்ற பூச்சிமருந்தைப் பற்றி, தண்ணீரில் கலக்கி அடிக்கிற 50 சதவீத நனையும் தூள். பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. பல கம்பெனிகள் போடுகின்றன, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். நான் பேசுவதும் அந்தச் சரக்கைப் பற்றித்தான். கூடவே அதை விற்கிற விதத்தைப் பற்றியும் கொஞ்சம்.

ஏலத்தில் இதை எதற்கு அடிக்கிறோம் என்று மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். த்ரிப்ஸ் என்போம், பேன் என்றும் சொல்வோம். மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும். தட்டையை (தண்டை) சுற்றிய சோகைக்குள் (இலையின் அடி உறை), விரியாத குருத்துக்குள், பூவும் காயும் பிடிக்கிற சரத்தில் பூவைப் பொத்தி நிற்கிற செதிலுக்குள் ஒளிந்துகொண்டு சுரண்டிச் சாறு குடிக்கும். பிஞ்சில் சுரண்டின இடம் காய் பெருக்கும்போது சொறியாகத் தடித்துவிடும். உள்ளே அரிசி (விதை) நன்றாகவே இருக்கலாம். ஆனால் தரம் பிரிக்கிற இடத்தில் சொறிக்காயை யாரும் மதிக்க மாட்டார்கள். போடியிலோ புற்றடியிலோ ஏலம் விடப் போகிற மூட்டையில் மினுமினு என்று எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காய் இருக்க வேண்டும். எங்கள் தோட்டம் முழுக்க ஞள்ளானி. கட்டப்பனைப் பக்கம் ஒரு விவசாயி தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம் அது. காய் அள்ளிக் கொடுக்கும். ஆனால் கவனிப்பும் அதே அளவுக்குக் கேட்கும்.

இப்போது கடை. மார்ச் கடைசி வாரம். “ஒன்றரை ஏக்கருக்கு எத்தனை பாக்கெட் வேணும்ணே?” என்றேன். இருநூற்றைம்பது கிராம் பாக்கெட்.

“மூணு எடுத்துக்கங்கம்மா. இருநூறு லிட்டர் பேரலுக்கு ஒரு பாக்கெட்ட அப்படியே தட்டிருங்க. கூடவே இந்த ப்ரொஃபெனோஃபாஸையும் சேர்த்து அடிங்க. காலையில பாத்தா ஒரு பேன் இருக்காது.”

லேபிளில் ஏலத்துக்கு ஹெக்டேருக்கு 800 கிராம் என்று போட்டிருக்கிறது, 1000 லிட்டர் தண்ணீரில். அதாவது லிட்டருக்கு 0.8 கிராம், ஒரு பேரலுக்கு 160 கிராம். என் ஒன்றரை ஏக்கருக்கு மூன்று பேரல் என்றால் 480 கிராம். இரண்டு பாக்கெட் போதும், இருபது கிராம் மிச்சமாகும். அண்ணன் கணக்கில் போனால் ஒன்றரை மடங்கு மருந்து. அவர் சொன்ன அந்த இன்னொரு பூச்சிமருந்து, ப்ரொஃபெனோஃபாஸ் புட்டி இருக்கிறதே, அதைக் கேரளத்தில் 2011லேயே தடை செய்துவிட்டார்கள். இதைச் சொன்னேன். “செக்போஸ்ட்ல யாரும்மா பையைத் தொறந்து பாக்கப் போறா?” என்றார். கம்பத்தில் வாங்கிக் கம்பம்மெட்டில் அடிக்கிற எங்கள் எல்லைக்கோட்டு வாழ்க்கையே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். இரண்டு பாக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு, பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் போட்டு பில் கேட்டேன். துண்டுச் சீட்டு தந்தார். மறுபடி கேட்டதும் முகம் சுளித்துக்கொண்டே பில் போட்டுக் கொடுத்தார். கடைக்கு என் மதிப்பெண் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார்: “இது பூச்சியக் கொன்னுட்டு யூரியாவா மாறிரும்மா, செடிக்கு உரமாவும் ஆகும்.” விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லிக்கொடுத்த பாட்டு. பொய் என்று சொல்லிவிட முடியாது, ஏன் என்று கீழே வருகிறேன். ஆனால் கணக்கு? என் 480 கிராம் தூளில் சரக்கு பாதி, 240 கிராம். அதில் நைட்ரஜன் ஏழு சதவீதம் சொச்சம், ஆக மொத்தம் பதினெட்டு கிராம்கூட வராது. கிட்டத்தட்ட நாற்பது கிராம் சாதா யூரியாவுக்குச் சமம். ஒன்றரை ஏக்கருக்கு ஒரு கைப்பிடி யூரியா. அதற்காக யாரும் மருந்து வாங்க வேண்டாம்.

இனி கொஞ்சம் என் பழைய கதை. வேதியியல் பிடிக்காதவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. ஆனால் இந்த மருந்து ஏன் ‘லேட்டாகச் சாகடிக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

யூரியாவில் ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் கந்தகத்தை வைத்தால் தயோயூரியா. 1869இல் டப்ளினில் ரெனால்ட்ஸ் என்பவர் அமோனியம் தயோசயனேட்டைச் சூடாக்கி முதலில் எடுத்தார். நடுவில் கார்பனும் கந்தகமும் இரட்டைப் பிணைப்பில், இரண்டு பக்கமும் நைட்ரஜன். அந்த நைட்ரஜன்களில் எதைத் தொங்கவிடுகிறோமோ அதைப் பொறுத்துக் குணம் மாறும். எங்கள் ப்ராஜெக்ட்டில் அனிலினையும் அதன் தம்பிமாரையும் (குளோரின் ஒட்டினது, மெத்தில் ஒட்டினது) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அமோனியம் தயோசயனேட் சேர்த்து, மணிக்கணக்கில் ரிஃப்ளக்ஸ் போடுவோம் (ஆவி வெளியே போகாமல் கொதிக்கவிடுவது). ஆறினதும் ஐஸ் தண்ணீரில் கொட்டினால் வெள்ளையாக இறங்கும். எத்தனாலில் மறுபடி கரைத்துப் படிகமாக்கினால் ஊசி ஊசியாக வரும். ஃபீனைல் தயோயூரியா 154 டிகிரியில் உருகினால் சுத்தம் என்று அர்த்தம். என்னுடையது முதல் தடவை 146இலேயே இளகிவிட்டது, மேடம் ஒரு பார்வை பார்த்தார்.

இன்னொரு வழி ஐசோதயோசயனேட்டோடு அமீனைச் சேர்ப்பது. ஐசோதயோசயனேட் என்றால் கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிற நெடி, அந்த ஜாதிதான். இரண்டையும் கலந்தால் சில நேரம் சூடுகூட வேண்டாம், கண் முன்னாலேயே கட்டியாகிவிடும். டயாஃபென்தியூரானுக்கும் கடைசிப் படி இதுதான். ஒரு பக்கம் இரண்டு ஐசோப்ரோப்பைலும் ஒரு ஃபீனாக்ஸியும் சுமந்த பெரிய வளையத்தின் ஐசோதயோசயனேட். இன்னொரு பக்கம் டெர்ட்-பியூட்டைல் அமீன். சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி கண்டுபிடித்த சரக்கு. எங்கள் ஊர்க் கல்லூரி லேபில் செய்த அதே கூட்டல். அளவும் வளையமும்தான் வேறு.

செய்த தூள்களைப் பிறகு நுண்ணுயிரியல் துறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அகர் தட்டில் பாக்டீரியாவைப் பூசி, வில்லையை வைத்து, மறுநாள் எத்தனை மில்லிமீட்டர் வெட்டவெளி விழுந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளப்போம். குளோரின் ஒட்டினது கொஞ்சம் தேவலை. மற்றதெல்லாம் பக்கத்தில் வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் பரிதாபம். ஆய்வேட்டில் மட்டும் ‘குறிப்பிடத்தக்க செயல்பாடு’ என்று எழுதினோம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

இந்தக் குடும்பத்தின் உயிரியல் வேலை கல்லூரித் தட்டுகளை விட வெளியில்தான் சுவாரசியம். 1931இல் டூபாண்ட் கம்பெனியில் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஃபீனைல் தயோயூரியாவைக் கொட்டும்போது பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறதே என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. நாக்கில் கசப்பு தெரிவதும் தெரியாததும் பரம்பரை விஷயம் என்று அப்படித்தான் புலப்பட்டது. எங்கள் வகுப்பிலும் அந்தக் காகிதத் துண்டை நக்கச் சொன்னார்கள். என் பக்கத்துப் பெண் ஓடிப்போய்த் துப்பினாள். எனக்குக் காகிதம் காகிதமாகத்தான் இருந்தது. அதனால்தானோ என்னவோ இந்தக் குடும்பத்தோடு எனக்கு ஒத்துப்போயிற்று. பால்டிமோரில் ரிக்டர் என்பவர் இதே பொடியை எலிகளுக்குக் கசக்கிறதா என்று பார்க்க நாக்கில் வைத்தார். மறுநாள் காலையில் எலிகள் செத்துக் கிடந்தன. அதிலிருந்துதான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஃப்தைல் தயோயூரியா எலி மருந்து வந்தது.

என் மாமியார் தினம் காலையில் போடுகிற தைராய்டு மாத்திரைகூட இந்த வம்சம்தான். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோல். வளையத்துக்குள் மடக்கி வைத்த தயோயூரியா. அது வயிற்றுக்குள் போய் மெதிமசோலாக மாறின பிறகுதான் வேலை செய்யும். (திடீர்க் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் ரத்தம் பரிசோதிக்காமல் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தை அதை மறந்துவிடுவார், நான்தான் நினைவு வைத்திருக்கிறேன்.)

டயாஃபென்தியூரானும் அப்படி வேஷம் மாறுகிற சாதி. பாக்கெட்டில் இருக்கும்போது அது முழு விஷமில்லை. இலையில் விழுந்து வெயில் பட்டதும், இல்லாவிட்டால் பூச்சியின் உடம்புக்குள் அதன் நொதிகளே கைவைத்ததும், கந்தகம் கழன்று போய் கார்போடைஇமைடு ஆகிறது. இந்தக் கார்போடைஇமைடுதான் கொலைகாரன். பூச்சியின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தச் சக்தியைச் சுமக்கிற ஏடிபி என்ற பொருளின் உற்பத்தியை நிறுத்துகிறது. கை கால் விளங்காமல், தின்ன முடியாமல் கிடந்து, பிறகு சாகும். நரம்பில் அடிக்கிற மருந்துபோலச் சுருண்டு விழாது. மிச்சமிருக்கும் கார்போடைஇமைடு தண்ணீரோடு சேர்ந்தால் யூரியா வகைப் பொருளாகும். கடைக்கார அண்ணன் பாடின பாட்டின் மூலம் அதுதான்.

மார்ச் 29, மதியம் மூன்று மணிக்கு அடித்தோம். அதற்கு முந்தின வாரமே காய்ந்த சோகையெல்லாம் உரித்துக் கவாத்து பண்ணிவிட்டோம். அது செய்யாமல் எந்த மருந்தை அடித்தாலும் சோகை மேலே வழிந்து மண்ணுக்குத்தான் போகும். தூள் தண்ணீரில் நன்றாகவே கலக்கிறது. முதலில் ஒரு வாளியில் கூழ்போலக் கலக்கிப் பிறகு பேரலில் ஊற்றினால் கட்டி இல்லை, நாசில் அடைக்கவில்லை. இலையில் லேசான வெள்ளைப் படிவம் விழுகிறது.

மறுநாள் காலையில் மாமா சரத்தை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார். “என்னத்தா இது, பேன் அது பாட்டுக்கு ஊருது. காசு போச்சு. அந்தக் கடைக்காரன் சொன்ன மாதிரி ரெண்டையும் கலந்து அடிச்சிருக்கலாம்ல?”

“நாலு நாள் பொறுங்க மாமா.”

“நாலு நாள்ல அது குட்டி போட்டுப் பேரன் எடுத்துரும்.”

வெள்ளைத் தாளில் சரத்தைத் தட்டி, கல்லூரியில் வாங்கின பத்து மடங்கு லென்ஸால் தினம் எண்ணினேன். பத்து சரத்துக்கு, அடிக்கும் முன் 61. இரண்டாம் நாள் 48, ஆனால் பாதி நகரவே இல்லை. நான்காம் நாள் 15. ஆறாம் நாள் 6. மாமா ஒன்றும் பேசவில்லை, லென்ஸை வாங்கி அவரும் பார்த்தார். நான் ஒரு செடியின் எண்ணிக்கையை வைத்து உலகத்துக்குச் சொல்லவில்லை, என் தோட்டத்துக் கதை இது. செதிலுக்குள் ஒளிந்திருந்தவையும் குறைந்ததற்குக் காரணம் இந்தச் சரக்கு கொஞ்சம் ஆவியாகவும் வேலை செய்யும் என்பது. அடர்ந்த தோட்டத்தில் அது பெரிய அனுகூலம்.

இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இரண்டாம் நாளே பொறுமையிழந்து வேறு மருந்தை மேலே அடிக்கிறார்கள். அப்புறம் இரண்டில் எது கேட்டது என்றும் தெரியாது, செலவும் இரட்டை. ஜூன் ஜூலையில் மேகம் இறங்கி, மரநிழலும் சேர்ந்து மத்தியானமே விளக்குப் போடுகிற நாளில் இதை அடித்தால் பலன் இன்னும் மெதுவாகத்தான் வரும் என்பது என் கணிப்பு. வெயில் செய்ய வேண்டிய பாதி வேலைக்கு அங்கே ஆளில்லை. மழையில் கழுவிப்போவது வேறு. எனக்கு இது கோடைக்கால மருந்து.

கோடை என்று சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போன வருஷம் ஜூலையில் மழை விட்ட ஒரு வெளிச்ச நாளில் காலை எட்டு மணிக்கு இதை அடிக்கச் சொன்னது நான்தான். ஏலப்பூ விடியும் முன்னே விரியும், ஒரே நாள் ஆயுசு, காலையில் தேனீ வந்துபோனால்தான் காய் பிடிக்கும். இந்த மருந்து தேனீக்குக் கடும் விஷம் என்று பாக்கெட்டிலேயே இருக்கிறது. நான் ரசாயனப் பெயரைப் படித்தேன், அந்த வரியைப் படிக்கவில்லை. கீழ் வரப்பில் வைத்திருந்த இரண்டு தேன் பெட்டியின் வாசலில் சாயங்காலம் ஈ குவிந்து கிடந்தது. சில உயிரோடுதான் இருந்தன, பறக்க முடியாமல் சுற்றிச் சுற்றி நடந்தன. ஏடிபி இல்லாமல் இறக்கை எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பார்க்க முடியவில்லை. ஒரு பெட்டி காலியாகிவிட்டது. அந்தச் சுற்றில் சரத்தில் பூ இருந்த அளவுக்குக் காய் இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் என் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை, “ஈச்ச ஒக்கெ போயி அல்லே” (ஈயெல்லாம் போச்சு இல்லையா) என்று மட்டும் சொன்னார். பூக்கும் முன்னே மார்ச்சில், அதுவும் மதியத்துக்கு மேல் அடிப்பது என்று இந்த வருஷம் மாற்றினது அதனால்தான்.

கைக்கும் மூச்சுக்கும் வருவோம். மருந்தடிக்க வரும் அண்ணன் பேரலில் கையைவிட்டுக் கலக்குவார், முப்பது வருஷப் பழக்கம். “நான் குடிக்காத மருந்தா தாயி” என்பார். கார்போடைஇமைடு வகையில் டிசிசி என்று ஒன்று லேபில் உண்டு, பெப்டைடு பிணைக்கப் பயன்படும். எங்கள் சீனியர் ஒருவருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போய், அதன் பிறகு அந்தப் பாட்டில் திறந்த அறைக்குள் நுழைந்தாலே கழுத்தெல்லாம் தடித்துவிடும். அதைச் சொல்லித்தான் அண்ணனுக்கு ரப்பர் கையுறை போடவைத்தேன். முகத்துக்கு வெறும் துண்டு கட்டினால் போதாது, தூளைக் கொட்டும்போதுதான் அதிகம் பறக்கிறது. 2017இல் மகாராஷ்டிரத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அங்கே அடித்த மருந்துகளின் பட்டியலில் ப்ரொஃபெனோஃபாஸும் இருந்தது, டயாஃபென்தியூரானும் இருந்தது. கடையில் அந்த இரண்டையும் சேர்த்து அடிக்கச் சொன்னபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. காலை ஜீப்பில் கம்பத்திலிருந்து ஏறிவரும் அக்காமார்களை அடித்த அன்றும் மறுநாளும் அந்தப் பக்கம் விடுவதில்லை.

அடித்து ஏழு நாள் கழித்துத்தான் காய் எடுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கிறது. ஒரு காய் எடுப்புக்கும் அடுத்ததுக்கும் நாற்பது நாள் சொச்சம் இடைவெளி இருப்பதால் இது கஷ்டமே இல்லை, மனசுதான் வேண்டும். எடுப்புக்கு முந்தின நாள் ‘பளபளப்புக்கு’ என்று அடிப்பவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. லட்சக்கணக்கான டின்கள் அப்படியே கிடந்தன. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏலக்காய் என்ற சொல்லோடு எச்சம் என்ற சொல் ஒட்டினது ஒட்டினதுதான். மாமா மாலை போட்ட மனுஷன். அந்த வாரம் டிவி பக்கமே வரவில்லை.

தொடர்ந்து இதையே அடிக்காதீர்கள், பேன் பழகிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை, நடுவில் வேறு வகை. பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையத்திலோ மைலாடும்பாறை நிலையத்திலோ கேட்டால் எந்த மாசம் எது என்று சொல்வார்கள். கடையில் கேட்பதைவிட ஜீப்புக்குக் காசு கொடுத்து அங்கே போய்க் கேட்பது லாபம். மருந்துக்குப் பத்துக்கு ஏழு தருவேன். மூன்றைத் தேனீக்காகக் குறைத்தேன்.

மிச்சமிருக்கிற இருபது கிராம் பாக்கெட்டுக்குள்ளேயே வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, மோட்டார் ரூமில் பூட்டுக்குள் இருக்கிறது. காய் உலர்த்துகிற ஸ்டோரில் வைக்கலாம் என்றார் மாமா, அங்கே ஈரம் வராதாம். காய் உலர்கிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓடையில் கொட்டவும் முடியாது, கீழே எல்லாரும் குடிக்கிற தண்ணீர். அடுத்த மார்ச்சில் முதல் பேரலுக்கு 140 கிராம் புதுசு, 20 கிராம் பழசு என்று பாக்கெட் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். காலாவதி தேதி அதற்கும் எட்டு மாசம் தாண்டித்தான்.